டிஸ்ப்ளே வரவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். புளியரை, பண்பொழி, தென்காசி என்று இந்தப் பக்கத்திலிருந்தும், கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று அந்தப் பக்கத்திலிருந்தும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதான். கல்யாண ஆல்பம், ஃப்ளெக்ஸ், வீடியோ எடிட்டிங் வேலைகள் இன்றைக்கும் எல்லை பார்ப்பதில்லை. அந்த வேலை செய்கிறவர்களின் பெட்டிகளில்தான் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருக்கும், என்னிடம் வருவதில் பெரும்பகுதியும் அவைதான்.

வரும்போதே தீர்ப்போடு வருகிறார்கள். "அண்ணே, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, படம் வரமாட்டேங்கு. கார்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க." யார் சொன்னது என்று கேட்டால் ஒரு கடையில் சொன்னார்கள், ஒரு வீடியோவில் பார்த்தேன் என்பார்கள். ஒருவர் அந்தப் பேச்சை நம்பித் தவணையில் புதுக் கார்டே வாங்கி மாட்டிவிட்டார். அதே கறுப்புத் திரை. கோளாறு ரேமில் இருந்தது. ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிற வீட்டில் ஒரு கார்டின் விலை சின்னத் தொகை இல்லை. அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டியைத் திறக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: "படம் எதுவரைக்கும் வருது?" பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து ஒன்றுமே வரவில்லையா? கம்பெனி லோகோ வந்து, புள்ளிகள் வட்டமாகச் சுற்றி, அதன்பின் கறுப்பாகிறதா? டெஸ்க்டாப் வந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது போகிறதா? மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் "டிஸ்ப்ளே வரல" என்றுதான் தெரியும்.

ஒன்றுமே வரவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்க்கச் சொல்வேன். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும்தான் உங்களிடம் வந்து சேரவில்லை. அப்போது கேபிளைப் பாருங்கள். மானிட்டர் "நோ சிக்னல்" என்று காட்டுகிறதென்றால் மானிட்டர் நன்றாக இருக்கிறது. கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மேலே மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகையில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகியிருக்கிறதா? வீடு துடைக்கும்போது கழற்றி மாட்டியவர்கள் மாற்றிச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மானிட்டரின் இன்புட் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாறிக் கிடப்பதும் உண்டு. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போட்டிருந்தால் ஒருமுறை எச்டிஎம்ஐ போட்டுப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள் சிலவற்றில், புதிய டிஸ்ப்ளே போர்ட் மானிட்டர் மாட்டினால் விண்டோஸ் ஏறும் வரை திரை கறுப்பாகவே நிற்கும். அதைச் சரிசெய்ய, அந்தக் கார்டுகளைச் செய்யும் என்விடியா 2018இல் கார்டின் உள் மென்பொருளுக்கு ஒரு அப்டேட் (ஃபர்ம்வேர் அப்டேட்) கொடுத்தது.

அடுத்து, பிராசஸர் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல்லில் 9400எஃப், 12400எஃப் என்று கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் 5600, 5600எக்ஸ் போன்றவற்றிலும் இல்லை, 5600ஜி என்றால் உண்டு. 2022இல் வந்த 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களில் எஃப் இல்லாதவற்றில் சின்ன அளவில் இருக்கிறது. உள் கிராஃபிக்ஸ் இருக்கும் பெட்டி என்றால் பாதி வேலை முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, கேபிளை மதர்போர்டில் செருகி ஆன் செய்யுங்கள். படம் வந்தால் ரேம், போர்டு, பிராசஸர் மூன்றும் சரி. கார்டு, அது செருகும் ஸ்லாட், அதற்கு வரும் கரன்ட் இவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். அப்போதும் வரவில்லையென்றால் கார்டின் மேல் பழி போட இன்னும் நேரம் வரவில்லை.

இங்கே எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவந்து கொட்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன். சுவரும் துணியும் ஈரம் ஏறிக் கிடக்கும் எங்களுக்கு அது வேறு மாதிரி. ஆடியில் நம் பக்கம் கல்யாணம் இல்லை. மலையாளிகளுக்கும் அதே சமயத்தில் கர்க்கடகம், அங்கேயும் இல்லை. ஸ்டுடியோக்களில் வேலை குறையும், கம்ப்யூட்டரைப் பல நாள் போடாமலே விட்டுவிடுவார்கள். ஆவணி பிறந்ததும் இரண்டு பக்கமும் முகூர்த்தம் குவியும். அவசரமாக வந்து பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே இல்லை. ஒவ்வொரு ஆண்டும் மலையாளிகளின் ஆவணியான சிங்ஙம் பிறந்த வாரத்தில் என் கடையில் பெட்டிகள் அடுக்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே உள்ளே ஈரத்தை விரட்டிவிடும். அணைந்து கிடக்கும் பெட்டிக்குள் தூசியும் ஈரமும் சேர்ந்து, ரேமின் பல்லிலும் கார்டின் பல்லிலும் படலமாகப் படியும். அந்தப் பற்களில் உள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது. தொடர்பு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் போர்டு நின்றுவிடும். மதர்போர்டு முதலில் ரேமைச் சோதிக்கும், அது தேறினால்தான் கார்டுக்கே போகும். அதனால் ரேமில் தொடர்பு இல்லாத பெட்டியும் கார்டு இல்லாத பெட்டியும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும், ஃபேன் சுற்றும், திரை கறுப்பு.

இரண்டையும் பிரித்துக் காட்ட போர்டே பேசும், கேட்க நாம் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பெரும்பாலான அசெம்பிள் பெட்டிகளில் பீப் அடிக்கும் சின்ன ஸ்பீக்கரை யாரும் மாட்டுவதில்லை. மிகக் குறைந்த விலைப் பொருள் அது, போர்டில் அதற்கென்றே நான்கு ஊசி இருக்கும். ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் உள் மென்பொருள்தான் பயாஸ். அவார்டு பயாஸ் உள்ள போர்டுகளில் ஒரு நீண்ட பீப், இரண்டு குறும் பீப் என்றால் கார்டு பக்கம் கோளாறு. ஏஎம்ஐ பயாஸில் எட்டுக் குறும் பீப் என்றால் டிஸ்ப்ளே மெமரி. எம்எஸ்ஐ, ஏசுஸ் போன்றவர்களின் பல போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கார்டு), பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து போகும். எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் தடை. டிரேமில் நின்றால் கார்டைத் தொடவே வேண்டாம். விஜிஏவில் நின்றாலும் கார்டு செத்துவிட்டது என்று பொருளில்லை, போர்டு கார்டை எழுப்ப முடியவில்லை என்று மட்டும்தான் பொருள். டிடிஆர்5 ரேம் போட்ட புதுப் பெட்டிகளுக்கு ஒரு விதிவிலக்கு. முதல் தடவையோ பயாஸ் செட்டிங்கை அழித்த பிறகோ ரேமைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கலாம். அதற்குள் பொறுமை இழந்து அணைத்துவிடாதீர்கள்.

சுத்தம் செய்ய எல்லோரும் பென்சில் ரப்பரால் தேய்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை நடக்கும், ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போகும், ரப்பர்த் தூள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள், காயவிட்டு மாட்டுங்கள். ரேம் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். கார்டைக் கழற்றும்போது ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள பூட்டை அமுக்கிவிட்டுத் தூக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது அந்தப் பூட்டு 'டக்'கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைப் போட்டு வையுங்கள் என்று எல்லா ஸ்டுடியோக்காரர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டு நடப்பவர்களின் பெட்டி ஆவணியில் என்னிடம் வருவதில்லை.

சமீப காலத்தில் வேறொரு கோளாறு அதிகமாகியிருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எல்லோரும் 11க்கு மாற ஆரம்பித்தார்கள். ஆரியங்காவிலிருந்து ஆல்பம் டிசைன் செய்யும் ஒரு தம்பி பெட்டியோடு வந்தார். தமிழ்க் குடும்பம், தோட்ட வேலைக்கு அந்தப் பக்கம் போனவர்களின் பேரப்பிள்ளை.

"விண்டோஸ் பதினொன்னு ஏத்தணும்னா செக்யூர் பூட் வேணும்னு சொன்னான்ணே. பயாஸ்ல போயி சிஎஸ்எம்முன்னு ஒண்ண ஆஃப் பண்ணச் சொன்னான். பண்ணி சேவ் பண்ணேன். அதோட போச்சு."

"கார்டு எந்தக் காலத்துது தம்பி?"

"பழைய சிஸ்டத்துல இருந்தது. அப்பா காலத்து ஸ்டுடியோவுலயே ஓடுனது."

அதைக் கேட்டதும் பாதி புரிந்துவிட்டது. பழைய கார்டுகள் பழைய பயாஸ் முறையில்தான் படம் காட்டத் தெரிந்தவை. பயாஸின் புது வடிவமான யுஇஎஃப்ஐ முறையில் படம் காட்ட ஜிஓபி என்ற ஒரு பகுதி கார்டின் சொந்த பயாஸுக்குள் இருக்க வேண்டும். 2012ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் வந்த கார்டுகள் பலவற்றில் அது கிடையாது. சிஎஸ்எம் என்பது பழைய முறையையும் அனுமதிக்கும் வழி. செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனைக்காக அதை மூடச் சொல்கிறார்கள். அதை அடைத்துவிட்டால் போர்டு நன்றாக இருக்கும், கார்டும் நன்றாக இருக்கும், ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. சில போர்டுகள் இதைக் கண்டுகொண்டு தாமாகவே சிஎஸ்எம்மைத் திரும்பத் திறந்துவிடும். இவருடையது திறக்கவில்லை. பிராசஸரும் எஃப் வகை, உள் கிராஃபிக்ஸ் இல்லை. எனவே பயாஸுக்குள் போய் மாற்றவும் கண் தெரியாது.

தீர்வு எளிது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரன்டை வடியவிட்டு, போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்தேன். திரும்ப மாட்டியதும் பயாஸ் கம்பெனி நிலைக்குப் போய், சிஎஸ்எம் திறந்து, பழைய கார்டிலேயே படம் வந்தது. அந்தத் தம்பி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெலிவரி கொடுக்க வேண்டிய ஆல்பங்கள் உள்ளே இருந்தன.

அவருக்கு நான் சொன்ன வரிசை இது: முதலில் ஆல்பங்களைத் தனி ஹார்டு டிஸ்கில் எடு. பிறகு ஜிஓபி உள்ள கார்டு ஒன்றை மாட்டு, பழசானாலும் பரவாயில்லை. அதன்பின் டிஸ்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் முறையைப் பழைய எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடிக்கு மாற்று, அதற்கு விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. கடைசியாகத்தான் சிஎஸ்எம்மை மூட வேண்டும். தலைகீழாகச் செய்தால் திரையும் போகும், விண்டோஸும் ஏறாது. இன்னொரு எச்சரிக்கை, ஏற்கெனவே விண்டோஸ் 11 ஓடும் பெட்டியில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸ் செட்டிங்கை அழித்த பிறகு அது ரெக்கவரி கீ கேட்கலாம். அந்த 48 இலக்க எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேட்டரியில் கை வையுங்கள்.

லோகோ வந்து, புள்ளிகள் சுற்றி, பிறகு கறுப்பாவது பெரும்பாலும் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள் விவகாரம். அதுவரை விண்டோஸ் பயாஸ் அமைத்துக் கொடுத்த எளிய படத்தில்தான் ஓடுகிறது. கார்டின் முழு டிரைவர் ஏறும் நொடியில்தான் சிக்குகிறது. முதலில் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், டிரைவர் புதிதாகத் துவங்கும், சில சமயம் அதிலேயே படம் திரும்பிவிடும். இல்லையென்றால் புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இப்படி அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், பிறகு ரீஸ்டார்ட் கொடுத்து 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். அதில் படம் நிலையாக நின்றால் டிடியு என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரை வேரோடு எடுத்துவிட்டு, இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, கார்டு கம்பெனியின் டிரைவரை ஏற்றுங்கள். நெட்டைப் பிடுங்கச் சொல்வது ஏனென்றால், நாம் ஏற்றுவதற்குள் விண்டோஸ் தானாக ஒன்றை இறக்கி மாட்டிவிடும். இதற்காக ஃபார்மேட் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. புது டிரைவர் ஏற்றியும் டிவைஸ் மேனேஜரில் கோடு 43 என்று மஞ்சள் முக்கோணம் நின்றால் அப்போது கார்டைச் சந்தேகப்படலாம். பயாஸ் திரையிலேயே கலர் புள்ளியும் கோடும் தெரிந்தால் டிரைவரைத் தேடி நேரம் போக்க வேண்டாம், அது கார்டின் மெமரி.

டெஸ்க்டாப் வந்து, வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் ரெண்டர் போடும்போதோ கேம் திறக்கும்போதோ அணைவது பெரும்பாலும் கரன்ட் போதாமை. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பெட்டிக்குள் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையில், 450 வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதன் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட், ஆறு ஊசி வயர் 75, எட்டு ஊசி வயர் 150. எட்டு ஊசி கேட்கும் கார்டுக்கு ஹார்டு டிஸ்குக்குக் கரன்ட் கொடுக்கும் சாட்டா வயரிலிருந்து அடாப்டர் போட்டுக் கொடுப்பது ஆபத்து. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மேல் தாங்காது, பிளாஸ்டிக் உருகி வந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டர் இருந்தால் லோடு கொடுத்த நிலையில் மஞ்சள் வயரை அளந்து பாருங்கள், 11.4க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

யுபிஎஸ்ஸும் இதில் ஒளிந்திருக்கும் ஆள். 600 விஏ என்று விற்பது பொதுவாக 360 வாட் அளவுதான். மலை ஓரத்தில் காற்றடித்துக் கரன்ட் ஒரு நொடி கண் சிமிட்டும்போது லோடு அதற்கு மேலே இருந்தால் யுபிஎஸ் கை விட்டுவிடும், பார்ப்பவர் கார்டு என்பார். யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவரில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எர்த்தையும் விடாதீர்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் சுரீரென்கிறதா? எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகப் பெட்டியின் மேல் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ் நிற்கும். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகிப் பிடுங்கினால், நல்ல கார்டின் போர்ட்டும் போகும். எர்த் போட எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவில்லை.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம். 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் ‘தோண்டும்’ (மைனிங்) முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டவை இல்லை. ஆனால் ஆர்எக்ஸ் 570, 580 போன்றவற்றில் பலரும் கார்டின் பயாஸையே தோண்டுவதற்காகத் திருத்தியிருந்தார்கள். அது விண்டோஸ் டிரைவரோடு ஒத்துப் போகாமல் லோகோவுக்குப் பிறகு கறுப்பாகும். சில கார்டுகளின் விளிம்பில் சின்ன சுவிட்ச் இருக்கும், இரண்டாவது பயாஸுக்கு மாற்றினால் சரியாகிவிடும். வேறு வகைப் பித்தலாட்டமும் உண்டு, பழைய ஜிடிஎஸ் 450ஐ 1050டிஐ என்று பெயர் மாற்றி விற்பது. வாங்கும் இடத்திலேயே ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், போலியைக் கண்டுபிடித்து எழுத்திலேயே காட்டும். காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கார்டை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று இன்னமும் கேட்கிறார்கள். சில நாள் ஓடும், திரும்ப நிற்கும். அதற்குள் கெப்பாசிட்டரும் பிளாஸ்டிக்கும் வெந்து, நிஜமாகச் சரிசெய்யக்கூடிய ஆளிடம் கொண்டுபோனாலும் அவர் கையை விரிக்கிற நிலைக்கு வந்துவிடும். சமையல் செய்யும் ஓவனில் பிளாஸ்டிக், ரசாயனப் புகை ஏற்றுவதை யோசித்தாலே எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாக, கொண்டு வருகிறவர்களுக்கு. புளியரையிலிருந்து ஆரியங்காவு வரை ரோடு வளைந்து வளைந்து ஏறி இறங்கும். பைக்கின் பின்னால் பெட்டியை நிற்க வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கனமான கார்டு ஒரு ஸ்க்ரூவிலும் ஸ்லாட்டிலும் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் ஆடும். வீட்டில் ஒரு கோளாறோடு கிளம்பிய பெட்டி என் கடைக்கு இரண்டு கோளாறோடு வந்து சேரும். கார்டைக் கழற்றி, வாங்கும்போது வந்த ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு, துணி சுற்றித் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் மதர்போர்டு கீழே படுத்த மாதிரி பெட்டியைப் படுக்க வைத்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டு வாருங்கள், அப்போது கார்டு நேராக நிற்கும். மானிட்டர் வேண்டாம், ஆனால் அதன் கேபிளைக் கொண்டு வாருங்கள். வேலை நடுவில் அணைகிற பெட்டி என்றால் யுபிஎஸ்ஸையும் எடுத்து வாருங்கள். படம் எந்த இடத்தில் நின்றது என்பதை ஃபோனில் ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தால் என் வேலை பாதியாகும்.